குதிரையும் காமிராவும்

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை சந்தவாசலுக்குச் சென்றிருந்தேன். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் அது. அங்கிருந்து சிறிது தொலைவில் படைவீடு இருக்கிறது. ஆடி வெள்ளியில் படைவீட்டு ரேணுகாம்பாளைத் தரிசிக்க மக்கள் திரள் திரளாக வருவது வழக்கம். நானும் தரிசனத்தை முடித்துக்கொண்டு சந்தவாசல் வந்து, ஒரு தேநீர்க் கடையின் முன் பேருந்துக்காகக் காத்திருந்தேன். அப்போது கல்லூரியில் முதலாண்டு பயிலும் இளைஞன் ஒருவன் தன் தந்தையாருடன் என்னிடம் வந்தான். என்னிடம் வரலாறு பயின்ற மாணவர் ஒருவருக்கு அவன் தம்பி முறை.

அவன் தன் கைபேசியைத் திறந்து சில படங்களைக் காட்டினான். எல்லாம் குதிரைகள். திருவிழாவுக்கு அழைத்து வந்த வெள்ளைக் குதிரை ஒன்று தண்ணீர்த் தொட்டியில் வாய் வைத்திருந்தது. மற்றொரு படத்தில் அதே குதிரை காதுகளை நிமிர்த்தி மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. படங்கள் நன்றாகவே இருந்தன. பிறகு அவன் கேட்டான்: “ஐயா, குதிரையைப் படம் எடுத்தே ஒருவன் காலமெல்லாம் பிழைக்க முடியுமா? அப்படி யாராவது பிழைத்திருக்கிறார்களா?”

தந்தையார் குறுக்கிட்டு, “நீங்களே இவனுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள் ஐயா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை; கவலை இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் பேருந்து வந்துவிட்டது. அந்த இளைஞனுக்கு அன்று சொல்லாமற்போன விடையைத்தான் இன்று உங்கள் அனைவருக்கும் சொல்லப்போகிறேன்.

குதிரைக்கும் அந்தப் பகுதிக்கும் தொடர்பு புதிதன்று. படைவீடு என்னும் சொல்லுக்கே படை தங்கும் இடம் என்பது பொருள். சம்புவராயர்கள் அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். பதினான்காம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் விசயநகர இளவரசர் குமார கம்பணர் சம்புவராயரை வென்று, பின் மதுரை நோக்கிப் படை நடத்தினார். அவருடைய தேவியார் கங்காதேவி இயற்றிய மதுரா விஜயம் என்னும் வடமொழிக் காவியம் அந்தப் படையெடுப்பைப் பாடுகிறது. அந்நாளில் குதிரைப்படை இல்லாத அரசு நிலைத்து நிற்பது அரிது. நம் நாட்டிலோ போருக்கேற்ற நல்ல குதிரைகள் போதிய அளவு பிறக்கவில்லை. அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அவை கப்பலில் வந்தாகவேண்டும்.

1535-ஆம் ஆண்டையொட்டி விசயநகர வரலாற்றை எழுதிய போர்த்துக்கீசியக் குதிரை வணிகர் பெர்னாவ் நூனிசு ஒரு வியப்பான செய்தியைக் குறிக்கிறார். சாளுவ நரசிம்மர் அந்நாட்டுக் குதிரைகளை உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் விலை கொடுத்து வாங்கினாராம். கடலில் இறந்துபோன குதிரைக்கு அதன் வாலை மட்டும் கொண்டு வந்து காட்டினால் போதுமாம். உயிருள்ள குதிரைக்கு உரிய விலையே கிடைக்குமாம். வணிகர் நட்டத்துக்கு அஞ்சி வராமல் நின்றுவிடக் கூடாது என்பது அரசருடைய எண்ணமாக இருக்கவேண்டும்.

இச்செய்தியை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. விலை உயர்ந்த பொருள் ஒன்று கைமாறும்போது, “இதுதான் அது” என்று காட்ட ஒரு சான்று வேண்டும். அன்று அந்தச் சான்று வால். இன்று அந்தச் சான்றுகளில் ஒன்று படம். குதிரையைப் படம் எடுப்பவனுக்கு இவ்வுலகில் கூலி கிடைக்கிறது என்றால், படம் அழகாக இருப்பது அதற்கு ஒரு காரணம். அது சான்றாகவும் இருப்பது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தை மறந்துவிடாதீர்கள்.

காமிரா நம் மாகாணத்துக்கு வந்தபோது, அதனால் ஓடும் குதிரையைப் படம் எடுக்க முடியவில்லை. ஒளி தகட்டில் பதிவதற்குப் பல விநாடிகள் வேண்டியிருந்தன. அதற்குள் குதிரை தலையை ஆட்டிவிடும், வாலைச் சுழற்றிவிடும், படத்தில் ஒரு புகைமூட்டந்தான் எஞ்சும். ஆனால் நம் சிற்பிகள் செதுக்கிய குதிரைகள் அசைவதில்லை. வேலூர்க் கோட்டையில் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தையும், திருவரங்கத்தில் சேஷராயர் மண்டபத்தையும் பார்த்தவர்கள், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் விலங்குகளையும் அவற்றின்மேல் அமர்ந்த வீரர்களையும் மறக்கமாட்டார்கள். பழைய காமிராவுக்கு ஏற்ற குதிரைகள் அந்தக் கற்குதிரைகளே.

அக்காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அவர் ஓர் அதிகாரி. 1856-இல் அப்பதவி அவருக்குக் கிடைத்தது. மாட்டு வண்டிகளில் பெரிய காமிராவையும் தாள்களையும் மருந்துப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, இராயக்கோட்டை, திருவரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களுக்கெல்லாம் அவர் சென்றார். 1858-இல் அப்படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. அவருக்கு உதவியாளராக இருந்தவர் ஐயாசாமி என்னும் தமிழர். பின்னாளில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் புகைப்படப் பணி புரிந்தவர்.

இத்தனை உழைப்புக்குப் பின் நடந்தது என்ன? 1859-இல் சர் சார்லஸ் டிரெவெலியன் ஆளுநராக வந்தார். செலவைக் குறைக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. புகைப்படத்தை அவர் ஆடம்பரமாகக் கருதினார். பணி நிறுத்தப்பட்டது. டிரைப்பின் திறமையில் குறை ஏதும் இல்லை. அவருடைய படங்கள் இன்று உலகின் பெரிய காட்சியகங்களில் இருக்கின்றன. ஆயினும் அவருக்குப் படியளந்த கை ஒன்றே ஒன்று. அந்தக் கை மூடிக்கொண்டதும் தொழிலும் முடிந்தது.

இனி ஓடும் குதிரைக்கு வருவோம். குதிரை விரைந்து செல்லும்போது அதன் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா? இக்கேள்வி பல நூற்றாண்டுகளாகத் தீராமல் இருந்தது. நம் கண்ணின் வேகம் அதற்குப் போதாது. ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டி, குதிரை காற்றில் மிதப்பதுபோல் எழுதி வந்தார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் தீட்டிய எப்சம் பந்தய ஓவியம் அதற்கு நல்ல உதாரணம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் லீலண்ட் ஸ்டான்போர்டு பெருஞ்செல்வர், இரயில்பாதை அதிபர், பந்தயக் குதிரைகளை வளர்ப்பவர். 1872-இல் இக்கேள்விக்கு விடை காண எட்வர்டு மைபிரிட்ஜ் என்னும் புகைப்படக்காரரை அவர் அமர்த்தினார். மைபிரிட்ஜ் 1830-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்து, அமெரிக்கா சென்று, புத்தக வியாபாரம் செய்து, பின் இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர். பெரும்பந்தயம் ஒன்று கட்டப்பட்டதால்தான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று இல்லை.

ஆறாண்டுகள் முயன்ற பின், 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாலோ ஆல்ட்டோ என்னும் இடத்தில் இருந்த ஸ்டான்போர்டின் பண்ணையில் முழு வெற்றி கிடைத்தது. ஓடுபாதையின் ஒரு பக்கத்தில் 12 காமிராக்கள் வரிசையாக வைக்கப்பட்டன. எதிர்ப்பக்கத்தில் வெள்ளைத் திரை. பாதையின் குறுக்கே மெல்லிய நூல்கள். குதிரை ஓடிவந்து நூலை அறுக்கும்போது மின்விசை பாய்ந்து அந்தந்தக் காமிராவின் மூடி திறந்து மூடும். ஜூன் 19-ஆம் நாள் சாலி கார்டனர் என்னும் பெண்குதிரை அந்தப் பாதையில் பாய்ந்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே குதிரை கடந்த தொலைவு 27 அங்குலம். இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கு.

விடை தெளிவாகிவிட்டது. நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மை. ஆனால் ஓவியர்கள் எழுதியதுபோல் கால்கள் நீண்டிருக்கும்போது அன்று. வயிற்றுக்குக் கீழே அவை ஒன்றுகூடி மடங்கியிருக்கும்போதுதான் குதிரை காற்றில் நிற்கிறது. பலநூறு ஆண்டுகளாக மனிதன் நம்பிவந்த காட்சி ஒரே நாளில் பொய்யாயிற்று. 1879-இல் மைபிரிட்ஜ் அப்படங்களைச் சுழலும் கண்ணாடித் தட்டில் அமைத்துத் திரையில் குதிரையை ஓடவும் செய்தார். இன்று நாம் பார்க்கும் சினிமாவின் முன்னோடிகளில் அக்கருவியும் ஒன்று.

மாணவர்களுக்கு இந்த அளவு கதை தெரிந்திருக்கும். பாடநூல்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. நான் சொல்ல வந்த கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1882-இல் மைபிரிட்ஜ் இலண்டன் நகரில் பெரும் வரவேற்புப் பெற்றுக்கொண்டிருந்தார். அரச கழகமாகிய ராயல் சொசைட்டி அவருடைய கட்டுரையை ஏற்க முன்வந்தது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரில் ‘குதிரையின் இயக்கம்’ என்னும் பொருள்படும் நூல் ஒன்று வெளிவந்தது. எழுதியவர் ஸ்டில்மன் என்னும் மருத்துவர். வெளிவரச் செய்தவர் ஸ்டான்போர்டு. மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்து வரைந்த சித்திரங்கள் அதில் நிறைந்திருந்தன. ஆனால் நூலின் முகப்பில் அவர் பெயர் இல்லை. ராயல் சொசைட்டி ஐயுற்றது. “இவை உம்முடைய ஆராய்ச்சிதானா?” என்ற நிலை வந்துவிட்டது. கொடுத்த அழைப்பைக் கழகம் திரும்பப் பெற்றது. மைபிரிட்ஜ் வழக்குத் தொடுத்தார். வழக்கில் அவர் வெல்லவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம்? குதிரை ஸ்டான்போர்டினுடையது, பண்ணை அவருடையது, காமிராக்களுக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. மின்விசை அமைப்புக்கு அவருடைய இரயில்வேப் பொறியாளர் ஒருவர் துணை புரிந்தார். படங்களை எடுத்த கையும் அறிவும் மைபிரிட்ஜினுடையவை. பணம் கொடுத்தவர், “இது என் ஆராய்ச்சி” என்றார். படம் எடுத்தவர், “இது என் படைப்பு” என்றார். இருவருக்கும் இடையே தெளிவான ஒப்பந்தம் முதல் நாளிலேயே எழுதப்பட்டிருந்தால் இந்த மனக்கசப்பு இவ்வளவு வளர்ந்திருக்காது என்பதே என் கருத்து.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிடலாம். இளமையில் எனக்கும் படம் எடுப்பதில் ஆசை இருந்தது. ஒரு கோயில் திருவிழாவில், நெற்றிப்பட்டம் அணிந்த குதிரை ஒன்றை விடியற்காலை வெளிச்சத்தில் எடுத்தேன். கேட்ட ஒருவருக்கு மகிழ்ச்சியோடு ஒரு பிரதி கொடுத்தேன். மறு ஆண்டு அது ஒரு நாட்காட்டியில் அச்சாகி, எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. என் பெயர் எங்கும் இல்லை. ஒரு காசும் வரவில்லை. என் தாயார் மட்டும் வருவோர் போவோரிடமெல்லாம், “இது எங்கள் பிள்ளை எடுத்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தை நம்பி அடுப்பு எரியவேண்டிய நிலையில் நான் இருந்திருந்தால், அது வேடிக்கையாக இருந்திருக்குமா?

நம் நாட்டுச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் படம் எடுக்க விரும்பும் ஒவ்வொரு மாணவனும் அறியவேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் கூலி பெற்றுக்கொண்டு எடுத்த புகைப்படத்தின் முதல் உரிமை, கேட்டவருக்கே சேரும். மாறான ஒப்பந்தம் இருந்தால் மட்டும் எடுத்தவருக்கு நிற்கும். ஆகவே ஒரு குதிரைச் சொந்தக்காரர் உங்களை அழைத்துப் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், அப்படத்தை நீங்கள் பிறருக்கும் விற்கலாமா, கூடாதா என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளவேண்டும். உரிமை பிறருக்குச் சென்றபின்னும், படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. 2012-இல் செய்த திருத்தத்துக்குப் பின், புகைப்படத்தின் உரிமை எடுத்தவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. இன்று 20 வயதில் நீங்கள் எடுக்கும் ஒரு படம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொத்தாக இருக்கக்கூடும்.

மைபிரிட்ஜ் அதோடு ஓய்ந்துவிடவில்லை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் மீண்டும் உழைத்தார். 1887-இல் ‘விலங்குகளின் இயக்கம்’ பற்றிய 781 படத்தாள்களை வெளியிட்டார். 100 தாள்களை வாங்குவோர் தாமே தேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். விலை 100 டாலர் என்று முன்பதிவு முறையில் விற்றார். ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவு ஆற்றினார். 1893-இல் சிக்காகோ கண்காட்சியில் அவர் கட்டிய காட்சி மண்டபம் வருவாய் தரவில்லை. 1894-இல் பிறந்த ஊர் திரும்பி, 1904-இல் அங்கேயே மறைந்தார். உலகப் புகழ் பெற்ற மனிதருடைய வாழ்வில்கூட ஏற்றமும் இறக்கமும் இப்படித்தான் இருந்தன.

இதே காலத்தில் நம் இந்தியாவில் வேறொருவர் இத்தொழிலை வேறு விதமாக நடத்திக் காட்டினார். அவர்தாம் ராஜா தீன் தயாள். 1844-இல் மீரட் நகருக்கு அருகிலுள்ள சர்தானாவில் பிறந்தவர். ரூர்க்கி பொறியியற் கல்லூரியில் பயின்று, 1866-இல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைவாளராகச் சேர்ந்தார். 1874-ஐ ஒட்டிப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். அவரை ஊக்கிய சர் ஹென்றி டேலி, குதிரைப்படை ஒன்றைத் திரட்டி நடத்திய தலைவர். படை அணிவகுப்புகள், பயிற்சிகள், வேட்டைகள், அரசர்களின் ஊர்வலங்கள் ஆகியவற்றைத் தீன் தயாள் படமெடுத்தார். அந்நாளில் இவற்றில் எதிலும் குதிரை இல்லாமல் இராது. அரசரும் தளபதியும் குதிரைமேல் அமர்ந்தே உலகத்துக்குக் காட்சி தர விரும்பினார்கள். ஐதராபாத் நிசாம் ஆறாம் மகபூப் அலி கான் அவரைத் தம் அரசவைப் புகைப்படக்காரர் ஆக்கிப் பட்டமும் அளித்தார்.

தீன் தயாளின் வாழ்வில் நான் வியப்பது ஒன்று. கையில் தொழில் நன்றாகப் படியும் வரை அவர் அரசு உத்தியோகத்தை விடவில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகள் வரைவாளராக இருந்துகொண்டே படம் எடுத்தார். வெளியே வந்தபின்னும் ஒரே அரண்மனையை நம்பி இருக்கவில்லை. இந்தூர், செகந்தராபாத், பம்பாய் ஆகிய மூன்று இடங்களில் ஸ்டூடியோ நடத்தினார். 1892-இல் ஐதராபாத்தில் கோஷா முறையைப் பின்பற்றிய பெண்களுக்கென்று, பெண் ஒருவரின் பொறுப்பிலேயே தனி ஸ்டூடியோ திறந்தார். 1897-இல் விக்டோரியா மகாராணியாரின் புகைப்படக்காரர் என்னும் சான்றும் பெற்றார். கண்ணாடித் தகடுகளை எண்ணிட்டுப் பாதுகாத்து, கேட்டவர்க்குக் கேட்டபோது பிரதி எடுத்துக் கொடுத்தார். 1905-இல் அவர் மறைந்தார். அவருடைய கண்ணாடித் தகடுகளில் பல, இன்று புது தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இருக்கின்றன. டிரைப்புக்குப் படியளந்த கை ஒன்று. தீன் தயாளுக்குப் படியளந்த கைகள் பல. ஒரு வாசல் மூடினால் மற்றொரு வாசல் திறந்திருந்தது.

அரசர்கள் காலம் போயிற்று. குதிரைப்படைகளும் பெரும்பாலும் போயின. இன்று குதிரையைப் படம் எடுப்பவனுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று கேட்கலாம். பந்தயத் திடல் ஒன்று, குதிரை வளர்க்கும் பண்ணை ஒன்று, சந்தை ஒன்று, போலோ, குதிரையேற்றப் போட்டிகள் ஒன்று.

பந்தயத்தில் இரு குதிரைகள் மூக்கோடு மூக்காக வந்தால் தீர்ப்புச் சொல்வது காமிரா. அந்தக் காமிராவின் அமைப்பு விந்தையானது. அதில் ஒரு மெல்லிய கீற்று மட்டும் முடிவுக்கோட்டை நோக்கித் திறந்திருக்கும். அதன் பின்னே பிலிம், குதிரையின் பிம்பம் நகரும் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அப்படத்தில் இடமிருந்து வலமாக நாம் காண்பது இடம் அன்று, காலம். எந்த மூக்கு முதலில் கோட்டைத் தொட்டதோ அது முதலில் பதிந்துவிடுகிறது. 1930-களில் அமெரிக்காவில் இம்முறை பரவியது. இன்று பிலிமுக்குப் பதில் மின்னணுக் கருவி வந்துவிட்டது; தத்துவம் மாறவில்லை.

இது இயந்திரத்தின் வேலை. மனிதனுடைய வேலை வேறு. 1973-ஆம் ஆண்டு ஜூன் 9-இல் நியூயார்க்கு பெல்மாண்ட் பந்தயத்தில் செக்ரடேரியட் என்னும் குதிரை 31 குதிரை நீளம் முந்தி வென்றது. அப்போது அதன்மேல் இருந்த வீரர், நேரங்காட்டும் பலகையைத் தலை திருப்பிப் பார்த்தார். பின்னால் வெகு தொலைவில் மற்றக் குதிரைகள். அந்தக் கணத்தைத் திடலின் புகைப்படக்காரர் பாப் கோக்லியானீஸ் பிடித்துவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படத்தை மக்கள் போற்றுகிறார்கள். அது அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். நாள்தோறும் அதே திடலில் நின்று, பெயர் தெரியாத குதிரைகளையும் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நம் ஊரில் கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்து வந்தது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை இரத்துச் செய்து அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. உதகைப் பந்தயத் திடலின் நிலமும் அதே ஆண்டில் அரசின் கைக்கு வந்தது. அது சரியா தவறா என்பது இன்றைய பேச்சின் பொருள் அன்று. ஆனால் இருநூறு ஆண்டுப் பழமையுடைய திடலும் ஒரே நாளில் பூட்டப்படலாம் என்பதை, அதை மட்டும் நம்பித் தொழில் தொடங்குவோர் மனத்தில் வைக்கவேண்டும். டிரைப்பின் கதை பழங்கதை அன்று.

ஈரோடு மாவட்டத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிப் பெரிய குதிரைச் சந்தை கூடுகிறது. கத்தியவாரிக் குதிரைகளும் மார்வாரிக் குதிரைகளும் அங்கே வருகின்றன. இவ்விரு இனங்களுக்கும் காதுகள் உட்புறமாக வளைந்து, நுனியோடு நுனி நெருங்கி நிற்கும். வாங்குவோர் முதலில் பார்ப்பது அந்தக் காதுகளை. காது பின்னால் மடிந்திருக்கும் நேரத்தில் எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் விற்பவருக்குப் பயன்படாது. காமிராவைப் பிடித்திருப்பவனுக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

விற்பனைக்கு நிற்கும் குதிரையைப் படம் எடுப்பதற்குச் சில முறைகள் உண்டு. நான்கு கால்களும் ஒன்றை ஒன்று மறைக்காமல் தெரியும்படி அதை நிறுத்தவேண்டும். காமிராவைக் குதிரையின் உடலின் நடு உயரத்தில் பிடிக்கவேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் கால்கள் குட்டையாகத் தோன்றும். மிக அருகில் சென்று எடுத்தால் தலை பெரிதாகவும் பின்பகுதி சிறிதாகவும் விழும். ஆகவே தள்ளி நிற்கவேண்டும். பின்னணியில் மரமோ கம்பமோ முதுகிலிருந்து முளைத்ததுபோல் நிற்கக் கூடாது. காலை வெயிலும் மாலை வெயிலும் நல்லவை. காதை நிமிரச் செய்ய ஒருவர் எதிரே நின்று ஒரு பையைச் சலசலக்கச் செய்தால் போதும். எப்போதும் குதிரையின் பின்புறமாகச் செல்லாமல், அது பார்க்கும்படி தோள்பக்கமாக நெருங்கவேண்டும். அஞ்சிய குதிரை நல்ல படம் தராது, உதையும் தரும். இவற்றையெல்லாம் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் லாயத்தில் சாணம் அள்ளுபவரிடம் கற்பது இன்னும் நல்லது. குதிரை எப்போது தலை நிமிரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நான் சந்தவாசலுக்குத் திரும்புகிறேன். அந்த ஊருக்கு மேலே உயரும் அதே ஜவ்வாது மலைத்தொடரில், காவலூர் என்னும் இடத்தில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்ததில் அந்த ஆய்வகத்துக்கும் பங்கு உண்டு. அங்கே விண்மீனின் மங்கிய ஒளியைச் சேர்க்க நெடுநேரம் காத்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் இந்த இளைஞன் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்காகக் காத்திருக்கிறான். இரண்டுக்கும் வேண்டிய பொறுமை ஒன்றுதான்.

சில நாட்களுக்குப் பின் அவன் தந்தையாருக்கு ஒரு கடிதம் எழுதினேன். “ஐயா, தங்கள் மகன் கேட்டதற்கு விடை: முடியும். ஆனால் குதிரைப் படம் ஒன்றை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர். அவன் பட்டப் படிப்பை முடிக்கட்டும். தீன் தயாள்கூடப் பத்தாண்டுகள் உத்தியோகத்தில் இருந்தார். திருமணம், பள்ளி விழா, கோயில் விழா எல்லாவற்றையும் எடுக்கட்டும், குதிரையையும் எடுக்கட்டும். வரும் ஆடியில் அந்தியூருக்கு ஒருமுறை அவனை அனுப்புங்கள், முடிந்தால் தாங்களும் உடன் செல்லுங்கள்” என்று எழுதினேன். அவனுக்குத் தனியே ஒரு வரி சேர்த்திருந்தேன். மைபிரிட்ஜ் 1878-இல் வெளியிட்ட அட்டையில் குதிரையின் பெயர், உடையவரின் பெயர், ஓடிய இடம், நாள், படத்தை எடுத்த தம் பெயர், உரிமைக் குறிப்பு ஆகிய எல்லாம் அச்சாகியிருந்தன. பின்னால் வந்த நூல் அவர் பெயரை விட்டுவிட்டபோதும், அந்தச் சிறிய அட்டைதான் இன்றுவரை அவருக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது என்று.

பதில் தந்தையாரிடமிருந்து வந்தது. நான்கே வரிகள். உள்ளே ஒரு படம் வைத்திருந்தார். நான் தேநீர்க் கடையில் பார்த்த அதே வெள்ளைக் குதிரை, காதுகள் நிமிர்ந்திருந்தன. படத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் குதிரையின் பெயர், உடையவர் பெயர், சந்தவாசல், நாள், கடைசியில் மகனுடைய பெயர். கையெழுத்து இளைஞனுடையது அன்று. கடிதத்தில் இருந்த அதே கையெழுத்து.